தப்பு என் விரலிலா, ஸ்க்ரீனிலா? வார்டில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்

இரவுடூட்டி எழுதியது:

பதினோரு வருஷமாக நர்ஸ் வேலை. இப்போது இருப்பது பொது மருத்துவ வார்டு, 28 படுக்கை, ராத்திரியில் நாங்கள் இரண்டே பேர். கேஸ் ஷீட், டிரக் சார்ட் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் நடந்த ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நினைத்தால் இன்னும் கை சில்லிடுகிறது.

இரவு இரண்டரை மணி இருக்கும். 15-ஆம் படுக்கைப் பெரியவருக்கு விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், 312. கம்ப்யூட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பதியப் போகும் நேரம் லேபிலிருந்து போன்: 9-ஆம் படுக்கைக்குப் பொட்டாசியம் 6.4. கேட்டதும் ஓட வேண்டிய எண் அது. 9-ஆம் படுக்கைக்காரர் பக்கத்தைத் திறந்து பார்த்து, டூட்டி டாக்டருக்குச் சொல்லி, ஈசிஜி எடுக்க ஏற்பாடு செய்தேன். அதற்குள் ஸ்க்ரீன் லாக் ஆகிவிட்டது. எங்கள் சிஸ்டத்தில் மூன்று நிமிடம் தொடாமல் விட்டால் வெளியே தள்ளிவிடும். திரும்பப் பாஸ்வேர்டு போட்டால், கடைசியாக யார் பக்கம் திறந்திருந்ததோ அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும். சர்க்கரை எழுதும் கட்டம் அந்தப் பக்கத்தின் அடியில் கிடக்கிறது. அங்கே போக உருட்டினால் மேலே இருக்கும் நோயாளி பெயர் மறைந்துபோகும். என் மனதில் 15 இருந்தது, ஸ்க்ரீனில் 9 இருந்தது. 312 என்று அடித்து சேவ் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் வேறொரு மாடியில் இருந்தபடியே பார்த்தார். ஏறிய பொட்டாசியத்தை இறக்க இன்சுலின் கொடுப்பது வழக்கம்தான். சர்க்கரை விழுந்துவிடக் கூடாதே என்று கூடவே டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவோம். இங்கேதான் சர்க்கரை 312 என்று காட்டுகிறதே! டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம், இன்சுலின் மட்டும் 10 யூனிட் என்று ஆர்டர் போட்டார். கண்ணுக்குத் தெரிந்த எண்களை வைத்துப் பார்த்தால் அதில் குற்றமே சொல்ல முடியாது.

சிரிஞ்சோடு 9-ஆம் படுக்கைக்குப் போய்ப் பெயர் கேட்டேன், சரியாகச் சொன்னார். கைப்பட்டையை ஸ்கேன் செய்தேன், பச்சை டிக். "சர்க்கரை ஏறியிருக்கிறது ஐயா, ஊசி போடுகிறேன்" என்றேன். அவர் அரைத் தூக்கத்தில், "என் விரலில் நீங்கள் குத்தவே இல்லையேம்மா" என்றார்.

குத்திப் பார்த்தேன். 98.

சிறுநீரகம் சரியில்லாதவர் வேறு. உடம்பில் இன்சுலின் வெளியேறத் தாமதமாகும். அந்த ஊசி உள்ளே போயிருந்தால் விடியற்காலையில் நான் என்ன பார்த்திருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

சம்பவ அறிக்கை எழுத வேண்டும் அல்லவா? அதுவும் அதே கம்ப்யூட்டரில்தான். காரணம் என்ற இடத்தில் நான்கைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது: கவனக்குறைவு, விதிமீறல், பயிற்சியின்மை, மற்றவை. நான் மற்றவை போட்டு, பெயர் மறைவதை விளக்கி எழுதத் தொடங்கினேன். எண்பது எழுத்தோடு கட்டம் நின்றுவிட்டது. மறுநாள் பார்த்தால் யாரோ அதைக் 'கவனக்குறைவு' என்று மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் பாதுகாப்புக் கமிட்டி முன்னால் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை, அடித்தது என் விரல்தான். ஆனால் சிஸ்டம் முரண்டு பிடிப்பதை எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களின் எரிச்சலாக மட்டுமே பார்க்கிறார்கள். அது நோயாளியின் உடம்பில் போய் முடிகிறது என்பதை எப்படிச் சொன்னால் காதில் ஏறும்?


நேர்வழி எழுதியது:

எந்தப் புது சிஸ்டம் வந்தாலும் பழகும் வரை இந்தப் புலம்பல் இருக்கத்தான் செய்யும். எண்ணைப் பதியும் முன் யார் பக்கம் என்று பார்ப்பது அடிப்படை. ஒரு பயிற்சி வகுப்பு வைத்தால் தீர்ந்துபோகிற விஷயம்.


இரவுடூட்டி எழுதியது:

பயிற்சி மூன்று நாள் கொடுத்தார்கள், பகலில், உட்கார்ந்த இடத்தில், போன் அடிக்காத அறையில். அன்று ராத்திரி பெயரும் கேட்டேன், ஸ்கேனும் செய்தேன், இரண்டும் சரி என்றன. பிடித்துக்கொடுத்தது அரைத் தூக்கத்தில் இருந்த நோயாளி. அவருக்கு எந்த வகுப்பு வைத்தார்கள்?


மருந்தலமாரி எழுதியது:

சிஸ்டர், அந்தப் பச்சை டிக் என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பார்மசிஸ்ட். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்காத சம்பவம் ஒன்று உண்டு. கமிட்டியில் அதைச் சொல்லுங்கள்.

2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. 16 வயதுப் பையன், எடை 38.6 கிலோ. நோய்த்தொற்று வராமல் தடுக்க அவன் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, வேளைக்கு ஒன்று. 40 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக்கணக்கில்தான் ஆர்டர் போட வேண்டும் என்பது அங்கே விதி. டாக்டர் அப்படியே போட்டார், 193 மில்லிகிராம் என்று வந்தது. மாத்திரை 160 மில்லிகிராமில்தான் இருக்கிறது, அதற்குத் தகுந்தபடி மாற்றிப் போடுங்கள் என்று பார்மசிஸ்ட் செய்தி அனுப்பினார். டாக்டர் 160 என்று அடித்தார். ஆனால் அந்தக் கட்டத்தின் பக்கத்தில் அலகு 'கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்' என்றே இருந்தது. சிஸ்டம் 160-ஐ 38.6-ஆல் பெருக்கிவிட்டது. வந்தது முப்பத்தெட்டரை மாத்திரை.

அளவு அதிகம் என்று எச்சரிக்கை வந்தது. டாக்டர் அதைத் தள்ளிவிட்டுப் போனார். பார்மசிஸ்டுக்கும் வந்தது, அவரும் அப்படியே போனார். ரோபோ முப்பத்தெட்டரையை எண்ணிப் பொட்டலம் போட்டது. அன்று வேறு பிரிவிலிருந்து டூட்டிக்கு வந்திருந்த நர்ஸுக்கு இது விசித்திரமாகத்தான் பட்டது. பார்கோடு ஸ்கேன் செய்தார், சரி என்று வந்தது. பையன் அத்தனையையும் விழுங்கினான், வலிப்பு வந்தது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான்.

பார்கோடு கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஆர்டரில் இருப்பதும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றா? ஆர்டரே சரிதானா என்று அதற்குக் கேட்கத் தெரியாது. உங்கள் டிக்கும் அதே டிக்தான்.

அந்த இரண்டு பேரும் எச்சரிக்கையை எப்படித் தள்ளிவிட்டார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். என் மேஜையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் கேட்கமாட்டார்கள். காலையில் மாத்திரையாக இருந்த பாராசிட்டமாலை மதியம் டிரிப்பாக மாற்றினால் 'ஒரே மருந்து இரண்டு முறை' என்று கத்தும். மாத்திரையை நிறுத்தியதே நான்தான், இருந்தாலும் கத்தும். உயிர் போகிற எச்சரிக்கையும் இதுவும் ஒரே மஞ்சள், ஒரே பெட்டி, 'சரி' பொத்தான் ஒரே இடத்தில். மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிடுகிறார்கள் என்று 2006-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. கை தானாகவே அந்த இடத்துக்குப் போய்விடும், கண் படிப்பதற்கு முன்னால். எனக்கும்தான்.


பழையபேனா எழுதியது:

முப்பது வருஷம் வார்டில் ரவுண்ட்ஸ் போன டாக்டர் நான். அம்மா, நீங்கள் செய்தது நல்ல வேலை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்தப் பேச்சு எப்போதும் 'காகிதமே நன்றாக இருந்தது' என்ற இடத்தில் போய் முடியும், அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். என் கையெழுத்தை நானே மறுநாள் படிக்க முடியாமல் விழித்திருக்கிறேன். 4 யூனிட் என்று எழுதும்போது யூனிட்டுக்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்தை மட்டும் போட்டால் அது பூஜ்யம் மாதிரி விழும், இன்சுலின் 40 ஆகிவிடும். இப்படி எழுதவே கூடாது என்று தடைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேருக்கு நடந்திருக்க வேண்டும்! மருந்து ஆர்டரைக் கம்ப்யூட்டரில் போடத் தொடங்கிய பிறகு கடுமையான மருந்துத் தவறுகள் 55 சதவீதம் குறைந்தன என்று 1998-இல் பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஆய்வு வந்தது. சற்று முன் திட்டு வாங்கிய அந்தப் பார்கோடுகூட, 2010-இல் வந்த ஆய்வின்படி, மருந்து கொடுக்கும்போது நேரும் தவறுகளை 41 சதவீதம் குறைத்தது. இது நேரம் தவறுவதைச் சேர்க்காத கணக்கு.

ஆக, கம்ப்யூட்டர் வேண்டுமா என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். எப்படிப்பட்டது, எப்படிக் கொண்டுவந்து இறக்கினார்கள் என்று கேளுங்கள். இதற்கு 2005-இல் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வைக் காட்டலாம். ஆர்டர் போடும் சிஸ்டம் வந்த பிறகு, வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து அங்கே மாற்றப்பட்டு வந்த குழந்தைகளின் இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 ஆனது. படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணங்களைப் பாருங்கள். முன்பு ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே மருந்து, டிரிப் எல்லாம் எழுதித் தயாராக வைப்பார்கள். புது சிஸ்டத்தில் குழந்தை வந்து சேர்ந்து அட்மிஷன் பதிவாகும் வரை ஆர்டரே போட முடியாது. போட ஆரம்பித்தாலும், முன்பு சில நொடியில் கிறுக்கியதற்கு இப்போது ஒன்றிரண்டு நிமிடம். அவசர மருந்தையும் பிரிவிலிருந்து எடுத்து மத்திய மருந்தகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள் போக, குழந்தை பக்கத்தில் கை ஒன்று குறைந்தது.

அதே மென்பொருளைச் சியாட்டிலில் வேறொரு குழந்தைகள் மருத்துவமனை இறக்கியது. முன்னவர்கள் பட்டதைப் பார்த்து முன்கூட்டியே தயாரானார்கள், அங்கே இறப்பு ஏறவில்லை. உங்கள் கமிட்டித் தலைவருக்கு இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், நிறையப் பேச வேண்டியிருக்காது.

இன்னொன்று, சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ. போன வருஷம் ஒரு மூதாட்டி, வெளிநோயாளி. பத்து நிமிடம் பேசினோம். எழுந்து போகும்போது, "டாக்டர், என் முகத்துக்கு நேராக ஒரு தடவை பார்த்துவிடுங்கள், வீங்கியிருக்கிறதா இல்லையா என்று" என்றார். வீங்கித்தான் இருந்தது.


அரைப்புள்ளி எழுதியது:

நான் எதிர்ப்பக்கத்து ஆள். ஆஸ்பத்திரி மென்பொருளுக்கு ஆறு வருஷம் ஸ்க்ரீன் வடிவமைத்திருக்கிறேன். இப்போது வேறு வேலை. அதனால் கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாம்.

உங்கள் ஸ்க்ரீனில் பெயர் ஏன் மறைகிறது தெரியுமா சிஸ்டர்? செய்தவர் மேஜையில் பெரிய மானிட்டர் இருக்கும். அதில் பக்கம் முழுவதும் உருட்டாமலே தெரியும். வண்டியில் பொருத்திய சின்ன ஸ்க்ரீனில் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். நான் செய்த தப்பே இது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். எங்களிடம் சோதனைக்கு ஐந்து நோயாளிகள் இருந்தார்கள், 'சோதனை ஒன்று' முதல் 'சோதனை ஐந்து' வரை. யார் யாரோடு குழம்புவார்கள்? முதல்முறை ஒரு வார்டில் போய் ராத்திரி நின்றபோதுதான் தெரிந்தது: ஒரு கையில் டிரே, தோளில் போன், மறுகையால் மவுஸ். அந்த ஒற்றைக் கைக்கு என்று நாங்கள் எதையுமே செய்திருக்கவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கமிட்டியில் போய் 'எளிதாக இருக்க வேண்டும்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எளிது வேறு, பாதுகாப்பு வேறு. தெராக்-25 என்று ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம். 1985-க்கும் 1987-க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவுக்கு மேல் பலமடங்கு கதிர்வீச்சைப் பாய்ச்சியது, அதனால் உயிரே போனவர்களும் உண்டு. மென்பொருள் பிழை என்று எல்லோரும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஸ்க்ரீன் பக்கத்துக் கதை இன்னும் கசப்பு. சிகிச்சை விவரத்தை எல்லாம் மறுபடி அடிக்க நேரமாகிறது என்று இயக்குபவர்கள் குறை சொன்னார்கள். உடனே தயாரிப்பாளர்கள், என்டர் தட்டிக்கொண்டே போனால் பழைய விவரம் நகலாகும்படி மாற்றிக் கொடுத்தார்கள். வேலை சுலபமானது, கூடவே சரிபார்க்கும் படியும் போனது. கோளாறு வந்தால் ஸ்க்ரீனில் 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் காட்டும். 54 என்றால் என்ன என்று கையேட்டில் உருப்படியான விளக்கம் இல்லை. இப்படிப்பட்ட செய்திகள் ஒரு நாளைக்கு நாற்பது வரைகூட வரும். பி என்ற விசையைத் தட்டினால் வேலை தொடரும். தட்டினார்கள். மருந்தலமாரி சாரின் மஞ்சள் பெட்டிக்கு மூத்த அண்ணன் அது.

எனவே நீங்கள் கேட்க வேண்டியது இப்படி: தினம் நூறு தடவை செய்யும் வேலை வழுக்கிக்கொண்டு போகட்டும், ஆளை மாற்றிவிடும் அபாயம் இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுக்கட்டும். ஆர்டர் போடும் முன் நோயாளியின் பெயரின் முதலெழுத்து, ஆணா பெண்ணா, வயது ஆகியவற்றை மறுபடி அடிக்க வைத்துப் பார்த்தார்கள், 2013-இல் வந்த ஆய்வு. சில நொடி கூடுதலாகிறது, தவறான நோயாளிக்குப் போகும் ஆர்டர் கணிசமாகக் குறைகிறது.

அந்த ஆய்வில் உங்களுக்குப் பயன்படும் தந்திரம் ஒன்றும் இருக்கிறது. ஒருவர் ஆர்டர் போடுகிறார், பத்து நிமிடத்துக்குள் ரத்து செய்கிறார், அடுத்த பத்து நிமிடத்துக்குள் அதே ஆர்டரை வேறு நோயாளிக்குப் போடுகிறார். இப்படி நடந்திருந்தால் பெரும்பாலும் ஆள் மாறிப்போய்த் திருத்தியதாகத்தான் இருக்கும். உங்கள் ஐடி ஆட்களிடம் ஒரு மாதத்துக்கு இந்தப் பட்டியலைக் கேளுங்கள். எல்லாம் சிஸ்டத்திலேயே பதிவாகி இருக்கும். சம்பவ அறிக்கை எழுதாதவர்கள் எல்லாம் அதில் வந்துவிடுவார்கள். டாக்டர் பெயர்களும் இருக்கும் என்பதால் கமிட்டி கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

எண் கேட்பவர்களுக்கு ஒன்று: பத்தே கேள்விகளில் ஒரு சிஸ்டம் எவ்வளவு கைக்கு வருகிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும் முறை 1986 முதல் இருக்கிறது. 68 சராசரி. அமெரிக்க டாக்டர்கள் தங்கள் மின்னணு நோயாளிப் பதிவேட்டு சிஸ்டங்களுக்குப் போட்டது 45.9. எக்செலுக்கே 57 கிடைத்திருக்கிறது. உங்கள் வார்டில் ஒரு தாளில் அந்தப் பத்துக் கேள்வியையும் கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, பேச வேண்டாம், வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். தலைவரிடம் இரண்டு நோயாளி, ஒரு சர்க்கரை அளவு கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். நடுவில் யாரையாவது போன் செய்யச் சொல்லுங்கள்.


இரவுடூட்டி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். லிஃப்டில் சக்கரம் மாட்டி ஐந்து நிமிடம் தாமதம், அது வேறு.

தலைவர் கெட்டிக்காரர், நிதானமாகத்தான் ஆரம்பித்தார். முதல் நோயாளியைத் திறந்தார். என் தோழி வெளியிலிருந்து போன் செய்து இன்னொருவர் பொட்டாசியத்தைக் கேட்டாள். அதைத் தேடிச் சொன்னார். நான் வேண்டுமென்றே அவரிடம் வேறு ஏதோ பேச்சுக் கொடுத்தேன், ஸ்க்ரீன் லாக் ஆனது. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தார், மறுபடி அடித்தார், உருட்டினார், எண்ணைப் போட்டார், சேவ். பதிந்த பிறகு அவரே மேலே உருட்டிப் பெயரைப் பார்த்தார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, பாவமாக இருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும்.

ஐடி கொடுத்த பட்டியல் ஒரு மாதத்துக்கே மூன்று பக்கம். நான் படிக்கவில்லை, மேஜைமேல் வைத்துவிட்டேன். யார் யார் எந்த வரியில் கண்ணை நிறுத்தினார்கள் என்று மட்டும் கவனித்தேன். நேர்வழி அவர்களுக்கு: பட்டியலில் பயிற்சி கொடுத்தவரே ஒருவர் இருக்கிறார்.

இப்போது பெயர், வயது, படுக்கை எண் மூன்றும் மேலே அசையாமல் நிற்கின்றன, எவ்வளவு உருட்டினாலும். லாக் ஆகித் திரும்ப வந்தால் பழைய நோயாளி பக்கம் திறப்பதில்லை, பட்டியல் வருகிறது, நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கிளிக் கூடுதல்தான். வார்டில் இரண்டு பேர் இதற்கும் அலுத்துக்கொண்டார்கள், அரைப்புள்ளி அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டினேன். மூன்று நிமிட லாக் அப்படியே இருக்கிறது. அடையாள அட்டையைத் தொட்டால் திறக்கிற மாதிரி கேட்டிருக்கிறோம், 'பார்க்கலாம்' என்றிருக்கிறார்கள். மஞ்சள் பெட்டிகளைக் குறைக்க மருந்தகத்தில் மூன்று பேரைப் போட்டிருக்கிறார்கள். மருந்தலமாரி சார், அங்கே உங்களை மாதிரி ஒருவர் இருந்தால் நல்லது.

9-ஆம் படுக்கைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்று விரலை நீட்டிக் காட்டி, "இன்றைக்கு உண்டா, இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

சம்பவ அறிக்கையில் காரணங்கள் இப்போது ஐந்து. 'திரை அமைப்பு' என்று புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். என் அறிக்கையையும் அதற்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். ஒருமுறை முடித்து மூடிய அறிக்கையைத் திறக்க சிஸ்டத்தில் வழியில்லையாம்.